டக், தப்

ஈரக்காலோடு பழைய நாளிதழில் ஏறி
நிற்கச் சொன்னாள் சுபாஷிணி.
நின்றேன்.
மற்றவர் பாதத்தில் ஒரு விரிகுடா தெரியுமாம்,
குதிகாலுக்கும் விரல்மேட்டுக்கும் நடுவே
மெல்லிய கரை மட்டும் மிஞ்சுமாம்.
எனக்கு முழுத் தீவு.
மின்கட்டணச் செய்தியும் மோதிர விளம்பரமும்
ஓரெழுத்து விடாமல் நனைந்துவிட்டன.

"அடி சீராக இல்லை" என்றாள்,
யாப்பு படித்தவள்போல.
நான் சிரித்தேன்.
பாலிகிளினிக்கில் அவளுக்கு அடுத்த எண் காத்திருந்தது.

குவீன்ஸ்வே கடைத்தொகுதி, இரண்டாம் மாடி.
சுவர் முழுக்கப் பாதங்கள் தொங்கின
உடம்பில்லாமல், ஜோடி ஜோடியாக.
ஜெல் வைத்தது, கார்க் வைத்தது,
குதிகாலைக் கிண்ணமாய்ப் பிடிப்பது,
நாற்றம் வராதென்று சத்தியம் செய்வது.
கடைக்காரர் கோ கட்டைவிரலால்
வளைவில் அழுத்திக் காட்டினார்.
விரலுக்கே அமுங்கினால்
உங்களுக்கு என்ன செய்யும்?
அறுபத்தெட்டு கிலோ என்று நான் சொல்லவில்லை.
அவர் கண்ணாலேயே நிறுத்துவிட்டார்.

ஜெல்லில் நின்றேன்: சூடான கேசரி.
கெட்டியில் நின்றேன்: யாரோ
காலடியில் கரண்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல்.
நல்லது கசக்கும் என்றே வளர்த்திருக்கிறார்கள்,
ஆனாலும் என் மனம் கேசரிப் பக்கம்.
இரண்டையும் வாங்கினேன்.
ஏழு நாளுக்குள், ரசீதோடு,
வெட்டாமல் இருந்தால்
திருப்பிக்கொள்வாராம்.

வெட்டினேன்.
இறால் நறுக்கும் கத்தரியால்,
இடதுக்குக் கெட்டியில் ஒன்று,
வலதுக்கு ஜெல்லில் ஒன்று.
பிறைத் துண்டுகள் சமையலறைத் தரையில் விழுந்தன.
நாற்பத்து நான்கு வயதில்
என் கால்களை நானே
போட்டிக்கு அனுப்பினேன்.

இரவு ஒன்பது மணி, யீஷூன், ஆறாம் மாடி வார்டு.
டக், தப்.
டக், தப்.
பதினேழாம் படுக்கையில் சுல்கர்னைன் தூங்கவில்லை.
முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர்.
சர்க்கரை. முழங்காலுக்குக் கீழே
சென்ற மாதம் எடுத்துவிட்டார்கள்.
"மிஸ்ஸி, இன்றைக்கு
இரண்டு பேராக வருகிறீர்களா?"

மூன்று மணிக்கு என் கணுக்கால்
உள்பக்கம் சாயத் தொடங்கியது,
சக்கர நாற்காலிக்காக நிறுத்தத்தில்
சரிந்து கொடுக்கும் பேருந்துபோல.
அவர் காதால் பார்த்துவிட்டார்.
"வலது டயரில் காற்று இல்லை."

வலது என்ற சொல்லுக்குப் பிறகு
இருவரும் கொஞ்ச நேரம்
ரத்த அழுத்தக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
நூற்று நாற்பத்திரண்டு.
எழுதிக்கொண்டேன்.

காலையில் மீதிக் கெட்டியையும் வெட்டினேன்.
முதல் நாள் இரண்டு மணி நேரம், மறுநாள் மூன்று.
பழைய மெத்தையை உருவிவிட்டுத்தான் வைக்கவேண்டும்,
மேலேயே வைத்தால் குதிகால்
காலணிக்கு வெளியே எட்டிப் பார்க்கும்.
இதையெல்லாம் பெட்டியில் எழுதியிருந்தார்கள்.
நான் தாமதமாகப் படித்தேன்.

மிஞ்சியது ஒன்று.
ஜெல், இடது கால், வெட்டாதது,
ஆண்களின் ஒன்பதாம் அளவுவரை சேரும்.
அவருக்கு இருப்பதும் இடது கால்.

கேட்கலாம் என்று நினைத்தேன்.
நோயாளியிடம் வாங்கக்கூடாது என்று விதி உண்டு,
கொடுப்பதைப் பற்றி எதுவும் நினைவில்லை.
புண் ஆறிய காலுக்கு
அச்செடுத்துத்தான் செய்யவேண்டும் என்பாள் சுபாஷிணி.
அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.
கேட்கவில்லை.
வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போனார்,
மடியில் மருந்துப் பை, ஒரு காலில் காலணி.
மின்தூக்கி மூடும்வரை
டயர் எப்படி, டயர் எப்படி என்று கேட்டுக்கொண்டே.

பரவாயில்லை, டயர்.
படுக்கையை விட்டு இறங்கும் முதல் அடியில்
இப்போது ஆணி இல்லை.
குளியலறை வாசலில் மட்டும்
அதே தீவு, அதே முழு ஈரம்.
பாதம் மாறவில்லை, அதற்கு ஒரு
முட்டுக்கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த ஒற்றை என் லாக்கரில் இருக்கிறது.
பணிக்கு முன்னால் கட்டைவிரலால்
அழுத்திப் பார்க்கிறேன்.
அமுங்குகிறது.
மெல்ல எழுகிறது.